பொய்க்கு டொலரில் கூலி: விலை கொடுப்பது யார்?

சொறிக்கல்முனையில் இருந்து கல்முனைச் சந்தைக்குப் போவதென்றால் கிட்டங்கித் தாம்போதியைக் கடக்க வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் பக்கத்துப் பக்கத்து வயல்களிலும் ஒரே சந்தையிலும் முகம் பார்த்துப் பிழைக்கும் பகுதி இது. இங்கே கைபேசியில் வரும் ஒரு பொய், மறுநாள் சந்தைக்குப் போகலாமா என்ற கேள்வியாக மாறிவிடும்.

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் அதைக் கண்டோம். முஸ்லிம் உணவகம் ஒன்றில் கருத்தடை மாத்திரை கலந்த உணவு கொடுக்கப்படுவதாக வதந்தி பரவியது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. சாப்பாட்டில் இருந்தது வெறும் மாவுக் கட்டி என்று அரச பகுப்பாய்வில் தெரிந்தபோது, கண்டி, திகன பகுதிகளும் எரிந்து முடிந்திருந்தன. தனது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்காக முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்தான்.

அந்த வதந்தியை ஓட்டியது இனவெறுப்பு. இப்போது அதனோடு வருமானமும் சேர்ந்திருக்கிறது.

கணக்கு எளிது. நீளமான காணொளிகளில் வரும் விளம்பரப் பணத்தில் 55 வீதத்தை யூடியூப் அலைவரிசைக்காரருக்குக் கொடுக்கிறது. இலங்கையில் இருந்து பார்ப்பவரை விட, கனடாவிலோ பிரித்தானியாவிலோ இருந்து பார்ப்பவருக்கு விளம்பரதாரர் பல மடங்கு அதிகம் கொடுப்பார். போரால் சிதறிய எங்கள் உறவுகள் வாழ்வதும் அந்த நாடுகளில்தான். ஆகவே எங்கள் துயரத்துக்குச் சந்தையில் நல்ல விலை இருக்கிறது.

நெருக்கடி அந்த விலையை ஏற்றிவிட்டது. 2021 இன் இரசாயனப் பசளைத் தடை, நெல்லை நம்பியிருந்த அம்பாறையின் விளைச்சலை அடித்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவுக்குச் சற்று மேல் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதம். நாட்கூலியின் பெறுமதி கரைந்தபோது, டொலரில் வந்த விளம்பரப் பணம் இருந்த இடத்திலேயே ஏறியது. வேலையில்லாத இளைஞர் எந்தப் பக்கம் பார்ப்பார்?

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல. தொழிற்சாலைகள் மூடப்பட்ட மசிடோனியாவின் வெலஸ் நகரில், 2016 அமெரிக்கத் தேர்தலின்போது இளைஞர்கள் 100 க்கும் அதிகமான இணையத்தளங்களை நடத்தினார்கள். ட்ரம்புக்கு ஆதரவான பொய்கள் நன்றாக ஓடியதால் அவற்றையே எழுதினார்கள். அவர்களில் பலருக்கு அமெரிக்க அரசியலில் அக்கறையே இல்லை.

எங்களுக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. 2023 பெப்ரவரி 13 அன்று தஞ்சாவூரில் பழ. நெடுமாறன், விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரன் உயிருடன் இருப்பதாக அறிவித்தார். இலங்கைப் பாதுகாப்பு அமைச்சு அதை மறுத்தது. ஆனால் அந்த ஒரு வசனத்தை வைத்து, புதிதாக ஒரு தகவலும் இல்லாத காணொளிகள் நாட்கணக்கில் வந்துகொண்டே இருந்தன. தலைப்பில் ஒரு கேள்விக்குறி போட்டால் போதும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காக 2017 முதல் வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் தாய்மாரும் அதைத் திறந்து பார்ப்பார்கள். அவர்களுடைய நம்பிக்கையும் ஒரு பார்வையாக எண்ணப்படும்.

சுதந்திர ஊடகவியலாளராக எனக்கு இதன் மறுபக்கம் தெரியும். கல்முனை வடக்கு உப பிரதேச செயலகப் பிரச்சினையில் இரு தரப்பையும் கேட்டு எழுத, பஸ் காசும் சில நாட்களும் வேண்டும். ஒரு தரப்பைத் தூண்டிவிடும் காணொளிக்குப் பத்து நிமிடம் போதும். அதிகம் சம்பாதிப்பதும் அதுதான்.

பொய் விற்பவரைத் திட்டுவதால் மட்டும் இந்தச் சந்தை மூடப்படாது. பகிர்வதற்கு முன், முகநூல் பக்கத்தின் வெளிப்படைத்தன்மைப் பகுதியைத் திறந்து பாருங்கள். பக்கத்தின் பழைய பெயர்களும், பல பக்கங்களுக்கு நிர்வாகிகள் இருக்கும் நாடும் அங்கே தெரியும். நேற்று சினிமாப் பக்கமாக இருந்தது இன்று இனப்பிரச்சினை பேசினால் சந்தேகப்படுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்கும் சொல்லுங்கள்: கோபத்தில் திறந்து பார்த்தாலும், திட்டிப் பகிர்ந்தாலும், காசு போவது அதே கைக்குத்தான்.