ஏழையின் பானையிலிருந்து விருந்து மேசைக்கு

ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் என்பவற்றை நறுக்கி, ஓட்ஸ், கொழுப்பு, வெங்காயம், மிளகு சேர்த்து, ஆட்டின் இரைப்பையினுள் அடைத்து அவிப்பதே ஸ்கொட்லாந்தின் ‘ஹகிஸ்’. விரைவிற் கெட்டுவிடும் உள்ளுறுப்புகளையும் வீணாக்காத சிக்கனத்தின் விளைவு இது.

இதற்குப் பெருமை தேடித்தந்தவர், குத்தகை விவசாயியின் மகனான கவிஞர் றொபேட் பேர்ண்ஸ். 1786இல் ஹகிஸை விளித்துப் பாடிய அவர், பிரெஞ்சுப் பதார்த்தங்களை நாடுவோரை எள்ளி, உழைப்பாளியின் உணவை உயர்த்தினார். 1796இல் அவர் மறைந்தார். 1801இல் ஒன்பது பேர் அவர் பிறந்த அலோவே இல்லத்திற் கூடி, ஹகிஸ் உண்டு அவரை நினைவுகூர்ந்தனர். இன்று அவரது பிறந்தநாளான ஜனவரி 25இல், ஸ்கொட்லாந்தியர் குடியேறிய நாடுகளிலும் அவ்விருந்து நடைபெறுகின்றது. 1971இல் அமெரிக்கா நுரையீரலை உணவாக விற்பதைத் தடைசெய்தது. அங்குள்ளோர் நுரையீரலைத்தான் விட்டனர், விருந்தை விடவில்லை.

நாம் ஹகிஸை முதலிற் சுவைத்தபோது, மிளகுக் காரமும் ஈரலின் மணமும் எமது ஆட்டு இரத்த வறையை நினைவூட்டின. அதனைச் சமைக்கும் நாளில் நாம் அயலவருக்கு அஞ்சி யன்னலைச் சாத்துகின்றோம், பிள்ளைகளும் முகஞ்சுழிக்கின்றனர். ஸ்கொட்லாந்தியர் தமது ஏழை உணவைப் பைக்குழல் இசை முழங்க மேசைக்குக் கொணர்கையில், நாம் எமதை ஒளித்துண்பது ஏன்? இவ்வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லி, ஒரு பிடி ஊட்டுவோம்.