குடும்ப வைத்தியரும் கொள்ளைநோயும்

கொள்ளைநோய்க் காலத்தில் அரசாங்கமும் பட்டாளமும் பெரிய ஆஸ்பத்திரிகளும் செய்த வேலையைச் சரித்திரக்காரர் விரிவாக எழுதி வைக்கின்றனர். தெருக்கோடியில் மருந்துச்சாலை வைத்து நடத்தும் குடும்ப வைத்தியரைப்பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. பினாங்கில் 1879இல் பிறந்த டாக்டர் ஊ லியன் தே அவர்களின் வரலாற்றை நோக்குவோமாயின் இக்குறை நன்கு விளங்கும்.

கேம்பிரிட்ஜில் வைத்தியம் கற்றுத் திரும்பிய இவர், 1904இல் பினாங்கில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். அபினியை எதிர்த்துப் பேசியதால் அவ்வியாபாரத்தில் பொருள் திரட்டிய கனவான்களின் பகையைத் தேடிக்கொண்டார். (நம்மிடையே கள்ளுக்கடையை எதிர்த்தவர்க்கும் அதே மரியாதைதான் கிடைத்தது!) பின்னர் சீன அரசாங்கத்தின் அழைப்பை ஏற்றுச் சென்றார்.

1910 டிசம்பரில் மஞ்சூரியாவில் பிளேக் பரவிற்று. ஹார்பினை அடுத்த சீனர் பட்டணத்திற்குச் சென்ற ஊ, பிணமொன்றை அறுத்துச் சோதித்து, இது எலித்தெள்ளால் வருவதன்று, நுரையீரலைப் பற்றி மூச்சின் வழியே தாவுவது என்று கண்டார். பஞ்சும் மெல்லிய துணியும் வைத்துத் தைத்த முகமூடியை அனைவரும் அணிய வேண்டுமென்றார். மூத்த பிரெஞ்சு வைத்தியரான மெஸ்னி இளைஞரின் சொல்லை இகழ்ந்து, முகமூடியின்றி நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களுள் அந்நோயாலேயே மாண்டார். உறைபனியால் நிலம் கல்லாகி, புதைக்க வழியின்றிச் சவப்பெட்டிகள் குவிந்து கிடந்தன. முன்னோர் வழக்கத்திற்கு மாறாக எரிப்பதற்கு அரசரின் அனுமதி பெற்று, 1911 ஜனவரி 31இல் இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட பிணங்களுக்குத் தீயிட்டார். அவ்வாண்டு வசந்தத்தில் நோய் ஓய்வதற்குள் சுமார் 60,000 பேர் இறந்தனர்.

இவை யாவரும் அறிந்தவை. நாம் கருத வேண்டியது மற்றொன்று. ஊ அப்பட்டணத்தை நான்கு வட்டாரங்களாகப் பிரித்து, வீடுவீடாகச் சோதனை செய்வித்தார். வீட்டார் என் செய்தனர்? நோயாளியை ஒளித்தனர், இறந்தவரை இரவில் தெருவில் எறிந்தனர். கதவைத் தட்டியவர் அந்நியர்; சீனத்திற்கு வந்தபோது ஊவுக்கே அந்நாட்டுப் பொதுமொழி நன்கு வாராது. ஊர் நம்பிய பழைய வைத்தியர்களோ கிருமியை அறியார். முகம் மூடாது நாடி பார்த்துத் தாமும் மடிந்தனர். அறிவுடையாரிடம் பழக்கமில்லை, பழக்கமுடையாரிடம் அறிவில்லை. இடைவெளியை நிரப்பப் பட்டாளம் வேண்டியதாயிற்று.

2020இல் நம் தோட்டத்திலும் இதைக் கண்டோம். காரியாலயத்துச் செக்ரோலில் எல்லார் பெயரும் உண்டு, நாமே எழுதியது. ஆனால் எந்த வீட்டுக் கிழவிக்கு நீரிழிவு, எவருக்குப் பழைய இழுப்பு என்பதை அப்புத்தகம் சொல்லாது. டவுனில் சிறு கிளினிக் வைத்திருந்த டாக்டரைத்தான் கேட்க வேண்டியிருந்தது. அவர் சொல்லியனுப்பிய பிறகே சிலர் சோதனைக்கு இணங்கினர்.

ஊ அவர்கள் ஜப்பானியப் படையெடுப்பால் 1937இல் மலாயா திரும்பி, ஈப்போவில் சாதாரண வைத்தியராக அமர்ந்தார். உலக மகாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்தெழுதினார். ஏழைகளிடம் கட்டணம் வாங்காமலும் பார்த்தார். ஆக்கிரமிப்புக் காலத்தில் எதிர்ப்புப் படையினர் அவரைக் கடத்திப் பணயம் வாங்கினர். அவர்களுக்கு உதவினாரென்று ஜப்பானியர் ஐயுற்றனர். முன்பு தம்மிடம் வைத்தியம் பெற்ற ஜப்பானிய அதிகாரி ஒருவரால் தப்பினார் என்பர். எண்பது வயதை நெருங்கும்வரை நோயாளிகளைப் பார்த்து, 1960 ஜனவரியில் பிறந்த ஊரிலேயே காலமானார்.