ஈன்ற பசுவும் மருத்துவர் கையும்

பசு கன்று ஈன்று நஞ்சுக்கொடியைப் போட்டதும், அதை வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி ஆலமரக் கிளையில் தொங்கவிடுவது நம் கிராமங்களின் வழக்கம். பால் வடியும் மரத்தில் கட்டினால் பசுவும் பால் சுரக்கும் என்பது நம்பிக்கை. எப்போதும்வென்றான், கோவில்பட்டி வட்டாரக் கரிசல் ஊர்களில் பிறந்த வாசகருக்கு இளங்கொடி என்றால் உடனே விளங்கும். அது விழும்வரை வீட்டில் ஒருவர் தொழுவத்திலேயே காவல் இருப்பார். விழாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது? மருத்துவம் நெடுங்காலம் தடுமாறிய கேள்வி இது.

பசுவின் நஞ்சுக்கொடி கருப்பையில் ஒரே இடத்தில் ஒட்டியிருப்பதில்லை. சட்டையில் பொத்தான் மாட்டியதுபோல் ஏறத்தாழ நூறு இடங்களில் கோத்துக்கொண்டிருக்கிறது. கன்று பிறந்தபின் இவை கழன்று, பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரத்திற்குள் கொடி விழுந்துவிடும். ஒரு நாள் கடந்தும் தொங்கினால் அழுகத் தொடங்கும். அதில் கல்லையோ பழஞ்செருப்பையோ கட்டித் தொங்கவிடுவது நாட்டு வழக்கம். படித்த மருத்துவரோ தோள்வரை கையை உள்ளே விட்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்தார். முறைகள் வேறானாலும், எப்படியாவது இழுத்து வெளியேற்ற வேண்டும் என்ற எண்ணம் ஒன்றே.

உள்ளே போகும் கை நோயையும் கொண்டுபோகும் என்பதை முதலில் காட்டியது மனிதத் தாய்மாரின் துயரம். வியன்னா நகரின் பெரிய மருத்துவமனையில், மருத்துவரும் மாணவரும் பேறு பார்த்த பிரிவில், 1846-ஆம் ஆண்டில் நூறு தாய்மாரில் பதினொருவர் இறந்தனர். பிணம் அறுத்த கையோடு அவர்கள் பேறு பார்க்க வந்ததே காரணம் என்று கண்டார் செம்மல்வைஸ். குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவச் சொன்னார் (1847). மறு ஆண்டில் சாவு நூற்றுக்கு ஒன்று என்ற அளவிற்கு இறங்கியது. அவரைப் பாராட்டியவர் சிலரே; 1865-இல் மனநோய் விடுதியில் இறந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தின் பயனை விளக்கி எழுதியபின்தான் கிருமிநாசினிகளுக்கு மதிப்பு வந்தது.

தொழுவத்துக்கும் கிருமிநாசினி வந்தது. ஆனால் கையைக் கழுவுவதோடு நிற்கவில்லை; கருப்பையையே கழுவத் தொடங்கினார்கள்! பிரெஞ்சு மருத்துவர் லுகால் 1829-இல் உருவாக்கிய அயோடின் கரைசல் பசுவின் கருப்பைக்குள்ளும் ஊற்றப்பட்டது. பின்னர் நுரைக்கும் மாத்திரைகளும், பெனிசிலின் காலத்திற்குப் பிறகு எதிருயிரி மருந்துகளும் உள்ளே போயின. 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தோரும் இந்தப் பாடத்தோடுதான் ஊர் ஊராகச் சென்றார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. உலகம் முழுவதும் அதுவே பாடம்.

ஆய்வுகள் பெருகியபின் வியப்பான செய்தி ஒன்று தெரிந்தது. ஈன்ற முதல் இரண்டு வாரங்களில், நலமான பசுக்களிலும் பெரும்பாலானவற்றின் கருப்பையில் பாக்டீரியாக்கள் இருக்கின்றன! வெள்ளணுக்கள் அவற்றை அழிக்க, கருப்பை சுருங்கி அழுக்கைத் தள்ள, ஏறத்தாழ நாற்பது நாளில் எல்லாம் பழைய நிலைக்கு வருகிறது. வீரியமான கிருமிநாசினி அந்த மென்சவ்வைப் புண்ணாக்குகிறது; கையால் பிய்த்தால் துண்டுகள் உள்ளே தங்கி, காயத்தின் வழியே கிருமி இரத்தத்தில் ஏறுகிறது. கொடியை விட்டுவைத்தால் அது பெரும்பாலும் பத்து நாளுக்குள் தானே கழன்றுவிடுகிறது.

அப்படியானால் கொடி ஏன் தங்குகிறது? அமெரிக்காவின் ஏம்ஸ் நகர ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட முடிவின்படி, கொடி தங்கிய பசுக்களில் வெள்ளணுக்களின் ஆற்றல் ஈனுவதற்கு முன்பே குன்றியிருந்தது. பொத்தான்களைக் கழற்றுவதில் வெள்ளணுக்களுக்கும் பங்குண்டு. அவற்றுக்கு வைட்டமின் ஈ, செலினியம் ஆகியவை தேவை. பசும்புல்லில் வைட்டமின் ஈ நிறைய உண்டு. காய்ந்த தட்டையில் மிகக் குறைவு. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் கரிசலில், கோடைச் சினைமாட்டுக்குச் சோளத்தட்டைதானே கிடைக்கிறது? ஆகவே வைத்தியம் ஈன்ற அன்று தொடங்குவதில்லை. சினை முற்றும் மாதங்களில் ஒரு கட்டுப் பசுந்தீவனத்தில் தொடங்குகிறது.

மருந்தின் போக்கும் மாறியது. 1972-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்த சோதனைகளில், பிராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் பசுவின் சூலகத்திலுள்ள மஞ்சள் திட்டைக் கரைப்பது தெரிந்தது. இத் திட்டு நீடிக்கும்வரை கருப்பை வாய் மூடியிருக்கும். சில பசுக்களுக்கு உள்ளே சீழ் கட்டிவிடும். ஊசி போட்டுத் திட்டு கரைந்தால் பசு சினைப்பருவத்திற்கு வருகிறது, வாய் திறக்கிறது, சீழ் வெளியேறுகிறது. கருப்பைக்குள் கையே போகவில்லை, பாருங்கள்! பிராஸ்டாகிளாண்டின் ஆய்வுக்காக மூவர் 1982-இல் நோபல் பரிசு பெற்றனர்.

எனினும் எல்லாப் பசுவையும் இயற்கையிடம் விட்டுவிட முடியாது. ஈன்ற மூன்று வாரத்திற்குள் காய்ச்சல், தீவனம் எடுக்காமை, செந்நிறத்தில் நீர்த்த நாற்றமுள்ள கசிவு ஆகியவை தோன்றினால் உயிருக்கே ஆபத்து. அப்போது எதிருயிரி ஊசி வேண்டும். மருத்துவர் சொல்லும் நாள்வரை பாலை விற்கக் கூடாது. மூன்று வாரத்திற்குப் பிறகும் சீழ் வடிந்தால் உயிருக்கு அவ்வளவு பயமில்லை. ஆனால் பசு சினை பிடிக்காது. ஓராண்டு பால் போய்விடும், ஒரு கன்றும் போய்விடும். ஒற்றைக் கறவை வைத்திருக்கும் வீட்டில் இந்த இழப்பு அடுப்புவரை எட்டும்.

கைக்கும் ஆபத்துண்டு. டேவிட் புரூஸ் 1887-இல் மால்டா தீவில் மனிதர் காய்ச்சலில் கண்ட கிருமியும், டென்மார்க்கின் பாங் 1897-இல் பசுக்களின் கருச்சிதைவில் கண்ட கிருமியும் ஒரே இனம்; இன்று புருசெல்லா என்கிறோம். கரு கலைந்த பசுவின் கொடியிலும் கசிவிலும் அது ஏராளம். 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் நான்கு முதல் எட்டு மாதக் கிடாரிக் கன்றுகளுக்கு இதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள். மாதம் நிறையாமல் விழுந்த கன்றின் கொடியை ஆலமரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். கையில் உறை மாட்டி எடுத்து, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடுங்கள்.