எலி பிடிக்க வந்த லூசிஃபர்

1967 ஏப்ரல். லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் ஓர் அறையில் பீட்டில்ஸ் குழு ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பத்தை முடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில், தன் முதல் ஆல்பத்துக்காக வந்திருந்த பிங்க் ஃபிளாய்டு. அதன் பாடகரும் கிதார்க் கலைஞருமான சிட் பாரெட்டுக்கு வயது 21. அவர் கொண்டுவந்த பாட்டுகளில் ஒன்றின் நாயகன் அவர் வளர்த்த சயாம் பூனை, சாம்.

பாட்டுக்கு முதலில் வைத்த பெயர் ‘பெர்சி தி ராட் கேட்சர்’. எலி பிடிக்கும் பெர்சி! ஆகஸ்ட்டில் ‘தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்’ ஆல்பத்தில் வெளிவந்தபோது அது ‘லூசிஃபர் சாம்’ ஆகியிருந்தது.

லூசிஃபர் என்றால் சாத்தான். போதாதா? எல்.எஸ்.டி. புழங்கிய காலம் வேறு. சூனியம், போதை என்று ரசிகர்கள் துருவ ஆரம்பித்தார்கள். பாட்டிலோ, எப்போதும் பக்கத்திலேயே வந்து உட்காரும் ஒரு பூனையைப் புரிந்துகொள்ள முடியாத ஒருவரின் திகைப்புதான் இருக்கிறது. பூனை வளர்ப்பவர்களுக்கு இந்தத் திகைப்பு தினசரி அனுபவம்; அதற்கு மாத்திரை எதுவும் தேவையில்லை.

மிரட்டுவது இசைதான். உளவாளிப் படங்களில் வருவதுபோல மேலிருந்து கீழே படிப்படியாக இறங்கும் கிதார். அதை பின்சன் என்ற இத்தாலிய எதிரொலிக் கருவி வழியாக அனுப்பினார் பாரெட். ஒவ்வொரு சுரமும் தன் நிழலை இழுத்துக்கொண்டு வரும். போகப்போக குழுவின் ரிக் ரைட் வாசிக்கும் ஆர்கன் பரபரக்கிறது. லண்டனின் யு.எஃப்.ஓ. கிளப் மேடையில் ஒரே பாட்டை நீட்டி முழக்கிய குழு, இங்கே மூன்று நிமிடச் சொச்சத்தில் முடித்துவிட்டது. பீட்டில்ஸின் ஒலிப்பதிவாளராக இருந்து, இந்த ஆல்பத்தின் தயாரிப்பாளரான நார்மன் ஸ்மித்துக்கு அந்தக் கச்சிதம்தான் பிடிக்கும்.

இதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டான ‘பைக்’கில் ஜெரால்டு என்றொரு எலியும் உண்டு. இரண்டாம் பாட்டில் பூனை, கடைசிப் பாட்டில் எலி. நல்லவேளை, நடுவே எட்டுப் பாட்டுகள்!

1968 ஏப்ரலில் பாரெட் குழுவைவிட்டு விலகியது அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. 2006 ஜூலையில் கேம்பிரிட்ஜில் இறந்தார். பூனைப் பாட்டு மட்டும் மறையவில்லை. அதில் ‘ஜெனிஃபர் ஜென்டில்’ என்றொரு பெண்ணும் வருகிறாள். இத்தாலியின் பாதுவா நகரத்து ராக் குழு ஒன்று தனக்குச் சூட்டிக்கொண்டது அவள் பெயரைத்தான்.