அமெரிக்க வேளாண் விரிவாக்கப் பணியும் சிற்றூர் இளைஞர் மன்றங்களும்

வேளாண் விரிவாக்கம் என்பது, கல்லூரிகளிலும் ஆய்வுப் பண்ணைகளிலும் கண்டறியப்படுவனவற்றை உழவரின் வயலுக்குக் கொண்டு சேர்த்து, வயலில் எழும் சிக்கல்களை ஆய்வாளரிடம் எடுத்துச் செல்லும் பணியாகும். அமெரிக்காவில் 1914ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டம் இதனை நிலையான அமைப்பாக்கியது. ஆயினும் பணியின் வேர் அதற்கு முன்பே டெக்சாஸின் பருத்தி நிலங்களிலும் சிற்றூர்ப் பள்ளிகளிலும் ஊன்றியிருந்தது.

1862ஆம் ஆண்டின் மோரில் சட்டம், வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளை நிறுவ மாநிலங்களுக்கு நடுவணரசின் நிலத்தை மானியமாக வழங்கியது. 1887ஆம் ஆண்டின் ஹேட்ச் சட்டம் அவற்றோடு ஆய்வு நிலையங்களை இணைத்தது. ஆய்வறிக்கைகள் அச்சாகி வந்தன எனினும், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் எண்ணமே உழவரிடம் மேலோங்கியிருந்தது.

இந்நிலையை மாற்றியது ஒரு பூச்சி. 1892 வாக்கில் மெக்சிகோவிலிருந்து டெக்சாஸுக்குள் புகுந்த கூன்வண்டு பருத்தியின் மொக்கையும் காயையும் துளைத்து அழித்துவர, சீமன் நாப் என்னும் வேளாண் அறிஞர் 1903இல் டெரல் நகரை அடுத்த போர்ட்டர் பண்ணையில் ஒரு செயல்விளக்கத் திடலை, அதாவது புதிய முறையைப் பயிரிலேயே காட்டும் வயலை, அமைத்தார். நிலமும் உழைப்பும் உழவருடையவை. நட்டம் நேர்ந்தால் ஈடுசெய்ய ஊர் வணிகர்கள் நிதி திரட்டியிருந்தனர். ஆனால் வழக்கமான முறையில் கிடைத்திருக்கக்கூடியதைவிட 700 டாலர் கூடுதலாகக் கிடைத்ததாக அவ்வுழவர் கணக்குக் கூறினார். அரசுப் பண்ணையின் விளைச்சலை நம்பாதவர்கள் அண்டை வீட்டாரின் விளைச்சலை நம்பினர் என்பதே இம்முறையின் ஆற்றல்.

1906இல் டெக்சாஸின் ஸ்மித் கவுண்டியில் (கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு) ஒரே கவுண்டிக்கென முதல் வேளாண் முகவர் அமர்த்தப்பட்டார். அதே ஆண்டு அலபாமாவில், வேளாண் அறிவியலாளர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரின் திட்டப்படி அமைந்த ‘ஜெசப் வண்டி’, கலப்பை, பாலாடை பிரிக்கும் கருவி, வெண்ணெய் கடையும் பீப்பாய் முதலியவற்றைச் சுமந்து, விலங்குகள் இழுக்க, கல்லூரி வாயிலை மிதித்திராத கறுப்பின உழவர்களின் குடியிருப்புகளுக்குச் சென்றது. அவ்வண்டியோடு பணியாற்றிய தாமஸ் கேம்ப்பெல் முதல் கறுப்பின விரிவாக்க முகவராவார்.

பெரியோர் தயங்கிய இடத்தில் பிள்ளைகள் முன்வந்தனர். 1902இல் ஒஹாயோவின் கிளார்க் கவுண்டியில் பள்ளிக் கண்காணிப்பாளர் ஏ. பி. கிரகாம் தொடங்கிய மன்றத்தில், சிறுவர் சிறுமியர் தத்தம் வீட்டு நிலத்து மண்ணைக் கொண்டுவந்து, லிட்மஸ் தாளின் நிறமாற்றத்தைக் கொண்டு அதன் புளிப்புத்தன்மையை அறிந்தனர். தெற்கு மாநிலங்களில் சிறுவர்க்கு மக்காச்சோள மன்றங்கள் எழுந்தன. 1910இல் பள்ளி ஆசிரியை மேரி குரோமர் தென் கரோலினாவின் ஏக்கன் கவுண்டியில் தொடங்கிய தக்காளி மன்றத்தில், ஒவ்வொரு சிறுமியும் ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு நிலத்தில் பயிரிட்டு, விளைந்ததைப் பதப்படுத்தி டப்பாக்களில் அடைத்து விற்றாள். அதே ஆண்டு அம்மாநிலத்துச் சிறுவன் ஒருவன் ஓர் ஏக்கரில் 228 புஷலுக்கு (புஷல் என்பது தானிய அளவை) மேல் மக்காச்சோளம் விளைவித்தான். மகனின் துண்டு நிலம் தந்தையின் வயலை விஞ்சியபோது வாதத்துக்கு இடமிருக்கவில்லை. இம்மன்றங்களே பின்னர், ஆங்கிலத்தில் ‘எச்’ எழுத்தில் தொடங்கும் தலை, இதயம், கை, உடல்நலம் ஆகிய நான்கையும் குறிக்கும் நான்கிலைச் சின்னத்துடன் ‘ஃபோர் எச்’ இயக்கமாயின.

ஸ்மித்-லீவர் சட்டம் நடுவணரசு தரும் நிதிக்கு ஈடாக மாநிலங்களும் நிதியளிக்க வகைசெய்து, வேளாண்மையோடு மனையியலையும் விரிவாக்கத்துள் சேர்த்தது. எனினும் தெற்கு மாநிலங்களில் நிதியின் ஆளுகை வெள்ளையர் கல்லூரிகளிடமே ஒப்படைக்கப்பட்டதால், கறுப்பின முகவர்கள் குறைந்த வசதியோடு உழைக்க நேர்ந்தது; இளைஞர் மன்றங்களும் 1960கள் வரை நிறத்தால் பிரிந்தே நடந்தன. எல்லாருக்கும் உரிய அறிவைப் பரப்ப எழுந்த அமைப்பின் வரலாற்றில் இது மறைக்கக்கூடாத குறை.

மானிய நிலக் கல்லூரிகளின் முறையைத் தழுவியே இந்தியாவில் 1960இல் பந்த்நகரிலும், 1971இல் கோயம்புத்தூரிலும் வேளாண் பல்கலைக்கழகங்கள் அமைந்தன. உழவர்க்கும் ஊரக இளைஞர்க்கும் செய்முறைப் பயிற்சி அளிக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுள் நாட்டின் முதலாவது நிலையம், கோயம்புத்தூரிலுள்ள பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் 1974இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது.