வௌவால்களின் இயல்பு நோயெதிர்ப்பு

வௌவால்கள் பிறவியிலேயே அமைந்த தற்காப்பைக் கொண்டு வைரஸ்களை இனங்கண்டு, தாம் நோயுறாமல் அவற்றை அடக்கி வைக்கும் முறை. ரேபீஸ் போன்ற சில நீங்கலாகப் பெரும்பாலான வைரஸ்கள் வௌவாலை வீழ்த்துவதில்லை.

இந்தத் தற்காப்பை விளக்குமுன் நம் ஊர் வௌவால் ஒன்றைப் பார்ப்போம்: தமிழகத்துக்கே பெருமையான வௌவால் சலீம் அலி பழந்தின்னி (லாட்டிடென்ஸ் சலீமாலி). இன்று ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தை ஒட்டியிருக்கும் ஹைவேவிஸ் மலையில் 1948இல் ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டத்துரை ஒன்றைப் பிடித்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் அது குறுமூக்குப் பழந்தின்னி என்று பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேல் கேட்பாரற்றுக் கிடந்தது. தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அதை எடுத்துப் பார்த்தார். வெளியே தெரியும் வால் இல்லை. மேலும் கீழும் ஒவ்வோரிணை முன்பற்களே இருந்தன. குறுமூக்கு இனத்துக்கு இவை பொருந்தா. 1972இல் தனிப் பேரினமாகவே அறிவித்தார். 1993 வரை அந்த ஒற்றை உடல்தான் சான்று.

இனி வௌவால்களின் தற்காப்புக்கு வருவோம். வைரஸ் உயிரணுவுக்குள் நுழைந்ததும் அதன் ஆர்.என்.ஏ.வை ரிக்-ஐ என்ற புரதமும், டி.என்.ஏ.வை சிகாஸ் என்ற புரதமும் உணர்கின்றன. சிகாஸின் செய்தியை ஸ்டிங் புரதம் கடத்தும். உடனே, 1957இல் ஐசக்ஸ், லின்டன்மன் என்ற ஆய்வாளர்கள் கண்டறிந்த இன்டர்ஃபெரான் என்ற புரதம் சுரந்து, பக்கத்து அணுக்களை ஊரில் தண்டோரா போட்டதுபோல் உஷார்ப்படுத்துகிறது. மனிதரில் இந்த எழுச்சி அளவு மீறினால் அழற்சியே ஆளைக் கொல்லும். வௌவாலில் ஸ்டிங் புரதத்தின் 358ஆம் இடத்துச் செரீன் என்ற அமினோ அமிலம் மாறியிருப்பதால் அதன் வேகம் மட்டுப்படுகிறது (2018 ஆய்வு). அழற்சியைத் தூண்டும் என்.எல்.ஆர்.பி.3 என்ற புரதமும் மந்தமே (2019 ஆய்வு). ஆனால் ஆஸ்திரேலியக் கரும்பழந்தின்னியில் தொற்று இல்லாதபோதும் ஆல்ஃபா இன்டர்ஃபெரான் சுரந்துகொண்டே இருக்கிறது. எகிப்தியப் பழந்தின்னி இதற்கு விலக்கு.

பறப்பதற்குச் செலவாகும் ஆற்றல் அணுக்களைச் சிதைத்து டி.என்.ஏ.வைக் கசியவிடும். அதற்கெல்லாம் பதறாதிருக்கவே இந்த நிதானம் வளர்ந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

இப்படித் தான் நோயுறாமல் நிபா வைரஸைச் சுமக்கும் இந்தியப் பழந்தின்னி மாந்தோப்புகளுக்கும் வரும்; ராஜபாளையத்தில் சப்பட்டை என்ற மாவகையை வளர்க்கும் தோப்புக்காரர்கள் அதை விரும்புவதில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பழந்தின்னிகளைப் பொதுவாகப் பயிர்ப்பகையாகவே பட்டியலிட்டிருந்தது; சலீம் அலி வௌவாலுக்கு மட்டும் பின்னர் முதல் அட்டவணையில் இடம் கிடைத்தது. 2022 திருத்தம் அந்தப் பகைப்பட்டியலையே நீக்கியது.