பாலியல் தொழிலும் ஆபாசப்படமும்: இரண்டு சட்டங்கள், இரண்டு பார்வைகள்

பணம் வாங்கிக்கொண்டு உடலுறவுக்கு இசைவது பாலியல் தொழில். அதே உறவைப் படம்பிடித்து விற்பது ஆபாசப்படத் தொழில். இரண்டிலும் உடல் இருக்கிறது, கூலி இருக்கிறது, பெரும்பாலும் நடுவில் ஒரு தரகரும் இருக்கிறார். ஆனாலும் இந்தியச் சட்டம் இரண்டையும் வேறுவேறு இடத்தில் வைத்திருக்கிறது. முன்னதை 1956-ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டம் கவனிக்கிறது. நாளிதழ்களுக்கு அது ‘விபசாரத் தடுப்புச் சட்டம்’. பின்னதற்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 292-ஆம் பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 294-ஆம் பிரிவு இருக்கிறது. இணையத்தில் பரவுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவும் அதன் கிளைகளும் தனி. இந்த வேறுபாட்டுக்கு ஒழுக்கத்தைக் காரணம் சொல்வது வழக்கம். கூர்ந்து படித்தால் ஒன்று தெருவையும் மற்றது பார்ப்பவரின் மனத்தையும் காக்க எழுதப்பட்டவை என்று தெரியும். படத்திலோ அறையிலோ இருக்கும் பெண்ணுக்குச் சம்மதமா என்ற கேள்வி இரண்டிலும் பிறகுதான் வந்து சேர்ந்தது.

1956-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் புரட்டும் எவருக்கும் முதல் வியப்பு, பாலியல் தொழில் அதில் குற்றமாகவே சொல்லப்படவில்லை என்பது. விபசார விடுதி நடத்துவது, இன்னொருவர் அந்த வகையில் ஈட்டிய பணத்தில் பிழைப்பது, ஆள் பிடித்துக் கொடுப்பது, அடைத்து வைப்பது, பொது இடத்தருகே தொழில் செய்வது, வழியில் போவோரை அழைப்பது ஆகியவையே குற்றங்கள். வயது வந்த பெண் தன் வீட்டில் தனியாக, தன் விருப்பத்தோடு இதைச் செய்தால் சட்டத்துக்கு அங்கே வேலையில்லை. 2022 மே 19 அன்று புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் பிறப்பித்த உத்தரவில் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொன்னது: விரும்பிச் செய்யும் பாலியல் தொழில் சட்டவிரோதமல்ல, விடுதி நடத்துவதுதான் சட்டவிரோதம். ஆனால் இந்த அனுமதி ஏட்டளவில்தான். 7-ஆம் பிரிவு கோயில், பள்ளி, ஹாஸ்டல், மருத்துவமனை போன்ற இடங்களிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் செய்வதைத் தண்டிக்கிறது. சிதம்பரத்திலிருந்து புவனகிரி போகும் வழியிலுள்ள கீரப்பாளையம் போன்ற ஓர் ஊரின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கோயிலையும் பள்ளியையும் சுகாதார நிலையத்தையும் சுற்றி 200 மீட்டருக்கு வட்டம் போட்டுப் பார்த்தால் வட்டத்துக்கு வெளியே எத்தனை வீடு மிஞ்சும்? மிஞ்சிய வீட்டிலும் இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்ந்து தொழில் செய்தால், ‘இருவரின் பரஸ்பர ஆதாயம்’ என்ற சொற்றொடரால் அது விடுதியாகிவிடுகிறது. அம்மாவின் வருமானத்தில் கல்லூரிக்குப் போகும் மகன் பதினெட்டைத் தாண்டிவிட்டால், 4-ஆம் பிரிவின் எழுத்துப்படி அவனும் குற்றவாளி.

இச்சட்டம் ஆள்கடத்தலைத் தடுக்கத்தானே வந்தது, தெருவைக் காக்க என்று சொல்வது நியாயமா என்று கேட்கலாம். கேள்வி சரியானதே. மனிதரை விற்பதைத் தடைசெய்யும் அரசியல் சாசனத்தின் 23-ஆம் பிரிவும், 1950-இல் இந்தியா கையெழுத்திட்ட நியூயார்க் உடன்படிக்கையும்தான் அதன் பிறப்புக்குக் காரணம். சென்னை மாகாணம் அதற்கும் முன்பே, 1930-இல், தனக்கென ஒரு தடுப்புச் சட்டம் போட்டுக்கொண்டது. 1947-இல் தேவதாசி ஒப்படைப்புத் தடைச் சட்டமும் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் வாதாடியது பெண்களின் விடுதலைக்காகத்தான். ஆனால் நோக்கம் முகவுரையில் நின்றுவிட்டது. பெண்ணை ஒரு வட்டாரத்தைவிட்டு வெளியேறச் சொல்லும் அதிகாரத்தை 20-ஆம் பிரிவு நீதித்துறை நடுவருக்குத் தந்திருக்கிறது. 1963-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. வழியில் நின்று அழைத்த பெண்ணுக்கு ஆறு மாதம் வரை சிறை. அதையே ஆண் செய்தால் ஏழு நாளிலிருந்து மூன்று மாதம். இது கடத்தப்பட்டவளைக் காக்கும் சட்டத்தின் கணக்கல்ல.

ஆபாசத்துக்கான சட்டத்தின் கண் வேறெங்கோ இருக்கிறது. 1923-இல் ஜெனீவாவில் ஆபாச வெளியீடுகளின் புழக்கத்தைத் தடுக்க ஓர் உடன்படிக்கை உருவானது. அதையொட்டி 1925-இல் 292-ஆம் பிரிவு திருத்தி எழுதப்பட்டது. பெண்களையும் குழந்தைகளையும் விற்பதற்கெதிரான உடன்படிக்கை அதற்கு இரண்டே ஆண்டு முன்னால் அதே ஜெனீவாவில் உருவானதுதான். ஒரே ஊரில் பிறந்தும் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. 292 கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: இந்தப் பொருள் பார்ப்பவரைக் கெடுக்குமா? 1964-இல் ‘லேடி சாட்டர்லியின் காதலன்’ நாவலை விற்ற பம்பாய்ப் புத்தகக் கடைக்காரரின் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 1868-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் வகுத்த இந்த அளவுகோலை வைத்துத்தான். 2014-இல் அவீக் சர்க்கார் வழக்கில் நீதிமன்றம் அதைக் கைவிட்டு, சமகாலச் சமூகத்தின் அளவுகோலுக்கு மாறியது. அளவுகோல் மாறியும் அளக்கப்படுவது பார்ப்பவரின் மனமாகவே இருக்கிறது. இந்தப் பிரிவின் விதிவிலக்கு இன்னும் சுவையானது. கோயிலிலும் பழஞ்சின்னங்களிலும் உள்ள சிற்பங்களுக்கு விலக்கு. சாமியை ஏற்றிச் செல்லும் தேருக்கும் பெயர் சொல்லி விலக்கு. தமிழ்நாட்டுத் தேர்களின் அடித்தட்டில் செதுக்கிய மிதுன உருவங்களைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் தேவைப்பட்டது என்று புரியும். அதே உருவத்தை அச்சிட்டு விற்றால் வழக்கு வரலாம். வடம் பிடித்து இழுத்தால் வராது. சட்டம் பார்ப்பது உருவத்தையும் அது நிற்கும் இடத்தையும்தான்.

ஊர்த் திரையரங்குகளின் ‘பிட்டு படம்’ இதற்கு நல்ல சாட்சி. தணிக்கைச் சான்றிதழோடு வந்த படத்தின் நடுவே ஆபரேட்டர் அறையில் வேறொரு துண்டுச் சுருள் ஒட்டப்படும். பிடிபட்டால் திரைப்படச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு பாயும். சான்றளித்த படத்தை மாற்றித் திரையிட்டதே குற்றம். அந்தத் துண்டில் இருக்கும் பெண் யார், அவளுக்கு எவ்வளவு கொடுத்தார்கள், ஒப்புக்கொண்டுதான் நடித்தாளா என்பது எந்தக் குற்றப்பத்திரிகைக்கும் தேவைப்படவில்லை.

அமெரிக்காவோடு ஒப்பிட்டால் நம் சட்டத்தின் போக்கு இன்னும் துலங்கும். நெவாடாவின் சில மாவட்டங்கள் நீங்கலாக அங்கே பெரும்பாலும் பாலியல் தொழிலே குற்றம். நடிகைகளுக்குப் பணம் கொடுத்துப் படமெடுத்த ஃப்ரீமன் என்ற தயாரிப்பாளர்மீது கலிபோர்னியா அரசு ஆள் பிடித்துக் கொடுத்ததாக வழக்குப் போட்டது. 1988-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது: கொடுத்த பணம் நடிப்புக்கு, யாருடைய இச்சையையும் தீர்ப்பதற்கல்ல, தவிரவும் பேச்சுரிமை குறுக்கே நிற்கிறது. ஆக, கேமரா அங்கே குற்றத்தைப் பேச்சாக மாற்றியது. இங்கே நடப்பது நேர் எதிர். நான்கு சுவருக்குள் குற்றமாகாத செயல், கேமரா வைத்துப் பரப்பியதும் 67ஏ பிரிவில் ஐந்தாண்டு வரை சிறையும் பத்து லட்சம் வரை அபராதமும் ஆகிறது. நம் அரசியல் சாசனத்தில் பேச்சுரிமையின் கூடவே 19(2)-இல் ‘கண்ணியம், ஒழுக்கம்’ என்ற கடிவாளமும் இருப்பது ஒரு காரணம். பொதுவெளிக்கு வந்ததை மட்டுமே சட்டம் பார்க்கிறது என்பது பெரிய காரணம். ஆபாசப்படத்தைத் தனியாக அமர்ந்து பார்ப்பது குற்றமல்ல என்று 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னதும் இதே தர்க்கத்தில்தான்.

படம் அழியாது, வாடிக்கையாளர் போய்விடுவார். ஆகவே படத்துக்குக் கடுமை வேண்டியதுதானே என்பது இந்த வேறுபாட்டுக்கு ஆதரவாகச் சொல்லத்தக்க வலுவான வாதம். அதை மறுக்க முடியாது. ஒரு முறை ஏறிய படம் அந்தப் பெண்ணை வாழ்நாள் முழுக்கத் துரத்தும். ஆனால் 67-ஆம் பிரிவு அந்தக் காரணத்துக்காக எழுதப்படவில்லை. அவள் சம்மதித்தாளா இல்லையா என்று அது கேட்பதே இல்லை. விரும்பி நடித்த படமும் மறைந்திருந்து எடுத்த படமும் அதற்கு ஒன்றுதான்.

கட்டாயம் நுழையும்போது இரண்டு சட்டங்களும் ஒன்றாகிவிடுகின்றன. 2001 டிசம்பரில் கைதான சென்னை எலும்பு மருத்துவர் ஒருவர், பெண்களைப் படமெடுத்து இணையத்தில் விற்ற வழக்கில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோடு ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டத்தையும் சந்தித்தார். 2008-இல் விரைவு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 1986-இல் ‘பாலியல் தொழில்’ என்பதற்கு ‘வணிக நோக்கிலான பாலியல் சுரண்டல்’ என்று இலக்கணம் மாறியதால், படப்பிடிப்பு அறையும் அதற்குள் அடங்க வழி பிறந்தது. குழந்தைகள் விஷயத்தில் வேறுபாட்டுக்கே இடமில்லை. கடலூர் மாவட்டம் திட்டக்குடியில் 2014-இல் இரண்டு பள்ளி மாணவிகள் இத்தொழிலில் தள்ளப்பட்ட வழக்கைச் சிபிசிஐடி விசாரித்தது; 2019 ஜனவரியில் கடலூர் நீதிமன்றம் பத்துக்கும் மேற்பட்டோரைத் தண்டித்தது. குழந்தைகளின் ஆபாசப்படத்தைக் கைபேசியில் வைத்திருந்த ஒருவர்மீதான வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் ரத்து செய்ய, அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. அதை ‘ஆபாசப்படம்’ என்று அழைப்பதே தவறு, அது சுரண்டலின் பதிவு என்றும் சொன்னது. இந்தப் பெயர்மாற்றம் சின்ன விஷயமல்ல. பார்ப்பவரின் மனத்திலிருந்து படத்தில் இருப்பவரின் நிலைக்கு நீதிமன்றம் கண்ணைத் திருப்பிய இடம் அது.

வயது வந்தோருக்கும் அந்தத் திருப்பம் 2013-இல் வந்துவிட்டது. அதிகம் பேசப்படவில்லை, அவ்வளவுதான். அவ்வாண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 354சி பிரிவு (இப்போது சன்ஹிதாவின் 77), படமெடுக்கச் சம்மதித்த பெண் அதைப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்புவது குற்றம் என்கிறது. இரண்டு தொழில்களுக்கும் பொருந்தும் அளவுகோல் இதுவே என்பது இக்கட்டுரையின் முடிவு: வயது, சம்மதம், வற்புறுத்தல் இவற்றைக் கேட்டபின் மற்றதைக் கேட்கலாம். இப்படிச் செய்தால் தரகர்களுக்குத் தப்ப வழி கிடைக்கும் என்பார்கள். ஆள் பிடிப்பதையும் அடைத்து வைப்பதையும் தண்டிக்கும், 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5, 6-ஆம் பிரிவுகள் அப்படியே இருக்கும்போது அந்த அச்சத்துக்கு இடமில்லை.

விடுதிச் சோதனை என்றால் ‘மூன்று அழகிகள் மீட்பு’ என்று தலைப்பிட்டு, முகத்தைத் துப்பட்டாவால் மூடிய பெண்களின் படத்தைப் போடும் பழக்கம் நம் செய்தித்தாள்களுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் உண்டு. 2022-ஆம் ஆண்டு உத்தரவில், மீட்பு என்ற பெயரில் இப்படிப் படம் காட்டும் மின்னணு ஊடகங்கள்மீது அதே 354சி பிரிவைக் கண்டிப்பாகப் பயன்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.